கேள்வி – பதில்: துப்பறியும் அத்தையின் முதல் அத்தியாயம்

சென்ற இதழில், அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1984 செப்டம்பர் 30 அன்று ஒளிபரப்பான 'மர்டர், ஷீ ரோட்' தொடரின் முதல் அத்தியாயத்தைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். துப்பறியும் தொடர்களின் தொடக்க அத்தியாயங்களில் அதை ஒரு பாடமாகவே வைக்கலாம் என்று நான் சொன்னது சிலருக்கு உவப்பாகவும் சிலருக்கு மிகையாகவும் பட்டிருக்கிறது. சென்னை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் இந்தப் பொருளைச் சேர்ந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இம்முறை பதிலளிக்கிறேன்.

கேள்வி: கதையையே சொல்லாமல் புகழ்ந்து எழுதினால், பார்க்காதவர்களுக்கு என்ன பயன்? அந்த அத்தியாயத்தில் என்னதான் நடக்கிறது? (வாசகி, திருவல்லிக்கேணி)

நியாயமான குறை. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய படைப்பு என்பதால் முடிவையும் சேர்த்தே சொல்கிறேன். தானாகக் கண்டுபிடித்து மகிழ விரும்புபவர்கள் இந்தப் பதிலையும் இப்பகுதியின் கடைசிப் பதிலையும் தாண்டிச் செல்லலாம்.

ஜெசிக்கா ஃப்ளெட்சர் மெய்ன் மாநிலத்தின் கடலோரச் சிற்றூரான கேபட் கோவில் வாழும் கைம்பெண். ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். கார் ஓட்டத் தெரியாது, சைக்கிள்தான். கணவரை இழந்த வெறுமையைக் கடப்பதற்காக ஒரு துப்பறியும் நாவலை எழுதி வீட்டில் வைத்திருக்கிறார். அவருக்கு மருமகன் உறவுள்ள இளைஞர் கிரேடி, அத்தையிடம் சொல்லாமலேயே கைப்பிரதியை ஒரு பதிப்பகத்திடம் சேர்ப்பித்துவிட, நூல் வெளியாகி விற்பனையில் கொடிகட்டுகிறது. விளம்பரத்துக்காக நியூயார்க்குக்கு அழைக்கப்படும் ஜெசிக்கா, அந்நகரத்தின் பேட்டிகளிலும் பாசாங்குகளிலும் சலித்து ஊர் திரும்ப முனைகையில், பதிப்பாளர் பிரெஸ்டன் ஜைல்ஸ் அவரைச் சமாதானப்படுத்தித் தம் மாளிகையில் நடக்கும் மாறுவேட விருந்துக்கு அழைக்கிறார். விருந்தினர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கதாபாத்திரத்தின் உடையில் வருகின்றனர். ஜெசிக்கா சிண்ட்ரெல்லா கதையின் தேவதையாகச் செல்கிறார். ஷெர்லாக் ஹோம்ஸ் வேடத்தில் இருந்த ஒருவர் நீச்சல் குளத்தில் பிணமாகக் கிடக்கிறார். அந்த வேடத்தில் வந்தவர் கேலப் மெக்காலம் என்ற உணவகத் தொழிலதிபர் என்பதால் இறந்தவர் அவரே என்று எல்லோரும் முடிவுகட்டிவிட, உண்மையில் இறந்து கிடப்பவர் ஒரு தனியார் துப்பறிவாளர் என்று பிறகு தெரியவருகிறது. அத்தியாயத்தின் பெயர் 'தி மர்டர் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்' என்பது இதனால்தான். கேலப்பின் நிறுவனத்தில் பணிபுரியும் கிரேடியின்மீது சந்தேகம் விழுகிறது. மருமகனைக் காப்பதற்காக ஜெசிக்கா விசாரிக்கத் தொடங்குகிறார். இடையில் அவருக்கும் பதிப்பாளருக்கும் நடுவே, இரண்டு முதிர்ந்த மனிதர்களுக்கே உரிய நிதானத்துடன், ஓர் அன்பு அரும்புகிறது. கொலையாளி அந்தப் பதிப்பாளரே.

கேள்வி: 'வயதான பெண்ணை யாரும் கவனிப்பதில்லை, அதனால்தான் அவள் நல்ல துப்பறிவாளராகிறாள்' என்று பலர் எழுதுகிறார்கள். பள்ளியில் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்ற எனக்கு இது பாராட்டு என்ற பெயரில் சொல்லப்படும் அவமதிப்பாகவே தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன? (ஓய்வு பெற்ற ஆசிரியை, மயிலாப்பூர்)

உங்கள் பக்கமே நான் நிற்கிறேன். இந்த விளக்கம் எளிதாகக் கிடைப்பது என்பதால் ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நாம் பேசும் அத்தியாயத்துக்கோ அது பொருந்தவே பொருந்தாது. ஜெசிக்கா அந்த விருந்தின் முதன்மை விருந்தினர். அவருடைய நூலைப் பற்றி நகரமே பேசிக்கொண்டிருக்கிறது. அவர் நடந்து சென்றால் திரும்பிப் பார்க்கிறார்கள். கண்ணில் படாமல் மூலையில் அமர்ந்து பின்னிக்கொண்டிருக்கும் மூதாட்டி அல்லர் அவர்.

அவருடைய திறமை வேறிடத்தில் இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். ஒரு மர்ம நாடகத்தின் ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜெசிக்கா, நாடகம் முடியுமுன்பே அதில் கொலை செய்தவர் யார் என்று சொல்லிவிடுகிறார். அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்பதையும் வரிசையாக எடுத்துரைக்கிறார். கேட்பவர்களுக்குச் சற்று எரிச்சல்கூட வருகிறது. கவனித்துப் பாருங்கள்: இது ஆசிரியையின் பழக்கம். விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் தராமல், வழிமுறையைக் காட்டு என்று மாணவனிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்த மனம் அது. ஒரு மாணவன் தானே எழுதியதற்கும் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியதற்கும் உள்ள வேறுபாட்டை, கையெழுத்தைக் கூடப் பார்க்காமல், தவறுகளின் அமைப்பிலிருந்தே கண்டுகொள்ளும் ஆசிரியர்கள் எத்தனை பேரை நாம் அறிவோம்! ஒருவர் சொல்லும் கதை அவருடைய சொந்தக் கதையா, கேட்டு ஒப்பிக்கும் கதையா என்பதைப் பிரித்தறியும் திறன் வேலையால் வருவது. வயது அதற்கு நேரம் கொடுக்கிறது, அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. இளைய துப்பறிவாளர் ஒருவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே தடயத்தைத் தேடுவார். குடும்பம் நடத்திய பெண் நுழைந்தால், அந்த வீட்டில் எது வழக்கமோ அது நடக்கவில்லை என்பதை முதலில் காண்பார். மாலை ஆறரை மணிக்கு விளக்கேற்றாத வீடு, விருந்தினர் வந்தும் காபி கொடுக்க எழாத மருமகள், வாசலில் எடுக்கப்படாமல் கிடக்கும் ஆவின் பாக்கெட்: இவை பிறருக்குச் செய்தியே அல்ல. கண்ணுக்குத் தெரியாதவராக அவர் இருக்க வேண்டிய அவசியமில்லை. பிறர் கண்ணுக்குத் தெரியாதவற்றை அவர் பார்க்கிறார் என்றால் போதும்.

கேள்வி: ஜெசிக்கா ஃப்ளெட்சர் என்பவர் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளைப் பார்த்து எழுதப்பட்டவர்தானே? அதில் என்ன புதுமை கண்டீர்கள்? (வாசகர், அண்ணா நகர்)

மரபு ஒன்றுதான், மறுப்பதற்கில்லை. மிஸ் மார்ப்பிள் 1927 இல் ஒரு சிறுகதையிலும் 1930 இல் முதல் நாவலிலும் தோன்றினார். ஆனால் அவரும் முதல்வர் அல்லர். அமெரிக்க எழுத்தாளரான ஆனா கேதரின் கிரீன், அமீலியா பட்டர்வொர்த் என்ற திருமணமாகாத நடுவயதுப் பெண்மணியை, பக்கத்து வீட்டில் நடந்ததைச் சாளரத்தின் வழியாகப் பார்த்துவிட்டு விசாரணையில் இறங்குபவராக, 1897 இலேயே படைத்துவிட்டார். ஆகவே யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்கத் தொடங்கினால் மார்ப்பிளும் கூண்டில் ஏற வேண்டிவரும்.

ஜெசிக்காவாக நடித்த ஆஞ்செலா லான்ஸ்பரி 1980 இல் ஒரு திரைப்படத்தில் மிஸ் மார்ப்பிளாகவே நடித்தவர் என்பது உங்கள் ஐயத்துக்கு வலுச் சேர்க்கும். அந்தப் படத்தில் அவர் வெண்முடியும் ஒப்பனைச் சுருக்கங்களும் கொண்ட கிழவியாக்கப்பட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்துகூட நிறையவில்லை. நான்காண்டுகள் கழித்து, ஐம்பத்தெட்டாம் வயதில், தம் இயல்பான தோற்றத்துடனும் நடையுடனும் ஜெசிக்காவாக வந்தபோது முன்னைவிட இளமையாகத் தெரிந்தார்! புதுமை இங்கேதான் தொடங்குகிறது. மார்ப்பிள் தம் கிராமத்து மனிதர்களோடு ஒப்பிட்டு உலகத்தைப் புரிந்துகொள்பவர். அவருக்கு வேலை இல்லை, வருமானத்தைப் பற்றிய பேச்சு இல்லை, காதல் இல்லை. ஜெசிக்காவுக்கோ ஐம்பது வயதுக்குமேல் ஒரு தொழில் தொடங்குகிறது. புதிய ஊர்களும் புதிய நட்புகளும் வருகின்றன. காயப்படும் வாய்ப்பும் வருகிறது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு பெண்ணின் வாழ்வில் ஏதாவது தொடங்கலாம் என்பதை ஒரு கொலைக் கதைக்குள் வைத்துச் சொன்னதை நான் புதுமை என்றே கருதுகிறேன்.

மார்ப்பிளின் அதே கதை நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. லான்ஸ்பரி நடித்த அந்தப் படத்துக்கு மூலமான கிறிஸ்டி நாவலைத் தழுவி, ரிதுபர்ணோ கோஷ் வங்காளத்தில் 'ஷுபோ மஹரத்' என்ற படத்தை 2003 இல் தந்தார். மருமகள் உறவுள்ள இளம் பத்திரிகையாளர் ஊரெல்லாம் அலைந்து கொண்டுவரும் செய்திகளை, வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத அத்தை சமையலறையில் இருந்தபடியே பொருத்திப் பார்த்து விடை காண்கிறார். அத்தையாக நடித்த ராக்கிக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. முழுக்க முழுக்க வங்காள வீட்டுக் கதையாக அது மாறியிருப்பதைப் பார்த்தால், இந்த மரபு யாருக்கும் தனிச் சொத்து இல்லை என்பது விளங்கும்.

கேள்வி: 'பைலட்' என்றால் என்ன? மற்ற அத்தியாயங்கள் ஒரு மணி நேரம் இருக்க, இது மட்டும் ஏன் இரண்டு மணி நேரம்? (மாணவர், பெரம்பூர்)

தொடர் முழுவதையும் எடுக்கலாமா என்று நிறுவனம் முடிவு செய்வதற்காக முன்னதாக எடுத்துக் காட்டும் மாதிரி அத்தியாயம் அது. நம் தூர்தர்ஷன் காலத்திலும் தயாரிப்பாளர்கள் பைலட் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருந்தார்கள். கோடம்பாக்கத்தில் இன்றும் அதே சொல்தான் புழங்குகிறது. இரண்டு மணி நேரம் என்பது விளம்பரங்களையும் சேர்த்த கணக்கு. தனித் திரைப்படமாகவும் நிற்கட்டும், தொடராக நீண்டால் அதற்கு வாசலாகவும் இருக்கட்டும் என்பதே அக்கால வழக்கம். இதை உருவாக்கிய பீட்டர் ஃபிஷர், ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் ஆகிய மூவரில் பின்னிருவர் 'கொலம்போ' தொடரைப் படைத்தவர்கள். அங்கே கொலையாளியை முதலிலேயே காட்டிவிடுவார்கள். இங்கே கடைசிவரை மறைப்பார்கள். இரண்டு வகையும் கைவந்தவர்கள் என்பதால் எதை எப்போது சொல்ல வேண்டும் என்ற கணக்கு அவர்களிடம் துல்லியமாக இருந்தது.

கேள்வி: போகும் இடமெல்லாம் கொலை நடக்கிறதே! முதலில் அந்த அம்மாவைத்தானே காவல் துறை பிடித்து விசாரிக்க வேண்டும்? (வாசகர், தாம்பரம்)

பன்னிரண்டு ஆண்டுகள், 264 அத்தியாயங்கள். உங்கள் ஐயம் அமெரிக்கர்களுக்கும் வந்து, சின்னஞ்சிறு ஊரில் கணக்கில்லாமல் கொலை விழும் கதைகளைக் கேலி செய்ய 'கேபட் கோவ் நோய்' என்ற சொற்றொடரே உருவாகிவிட்டது. பிற்காலத்தில் ஜெசிக்காவை நியூயார்க்கிலும் வெளிநாடுகளிலும் சுற்றவிட்டு ஊர் மக்களின் உயிரை ஓரளவு காப்பாற்றினார்கள். பைலட் அத்தியாயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே அவர் விசாரணையில் இறங்க ஒரே காரணம் மருமகன் கிரேடி. அந்தக் காரணம் நம்பத்தக்கது.

கேள்வி: நானும் நண்பர்களும் அறுபது வயதைத் தாண்டிய சென்னைப் பெண்மணி ஒருவரைத் துப்பறிவாளராக வைத்து ஒரு தமிழ் பைலட்டுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறோம். காவல் துறை அவரை ஏன் உள்ளே விட வேண்டும் என்ற கேள்வியில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். வழி உண்டா? (உதவி இயக்குநர், கோடம்பாக்கம்)

இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். பெரும்பாலான எழுத்தாளர்கள் இந்த இடத்தில் செய்வது, நாயகியின் அண்ணன் மகனையோ பழைய மாணவனையோ உதவி ஆணையராக்கிவிடுவது. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நம் சட்டமே உங்களுக்கு மூன்று கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. கதாசிரியர்கள் அவற்றைத் தட்டிப் பார்ப்பதில்லை.

முதல் கதவு, பிண விசாரணை. ஐயத்துக்குரிய மரணம் நேர்ந்தால் காவல் அலுவலர் அக்கம்பக்கத்தைச் சேர்ந்த மதிப்பிற்குரிய இருவரையோ அதற்கு மேற்பட்டோரையோ உடன் வைத்துக்கொண்டுதான் உடலைப் பார்த்து, காயங்களைக் குறித்து, மரணத்துக்கு வெளிப்படையாகத் தெரியும் காரணத்தை அறிக்கையாக எழுத வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 194 ஆம் பிரிவு. இவ்வாறு அழைக்கப்படுபவர்களைப் பஞ்சாயத்தார் என்போம். அதில் ஆண்கள்தாம் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. மந்தைவெளியின் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மரணம் நேர்கிறது. சங்கத் தலைவர் ஊரில் இல்லை. பொருளாளருக்கு இரத்தத்தைப் பார்த்தால் மயக்கம். செயலாளராக இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை வந்து நிற்கிறார். ஆய்வாளர் வேறு வழியின்றி அவரை உடன் வைத்துக்கொள்கிறார். யாருடைய சிபாரிசும் இல்லாமல், சட்டப்படியே, அவர் உடலருகில் நிற்கிறார். அறிக்கையை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டேன் என்று அவர் சொல்லும் இடத்திலேயே பாத்திரம் உயிர் பெற்றுவிடும்.

இரண்டாவது கதவு இன்னும் சுவையானது. சாட்சியை விசாரணைக்கு அழைக்கும் அதிகாரம் காவல் அலுவலருக்கு உண்டு. ஆனால் எந்தப் பெண்ணையும் அவர் வசிக்கும் இடம் தவிர வேறெங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. முன்பு 160 ஆம் பிரிவு, இப்போது 179. அறுபது வயதைக் கடந்த ஆண்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. தமிழ்த் தொடர்களில் வயதான அம்மாக்களைக் காவல் நிலையத்தின் மர பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார வைப்பதைப் பார்த்துப் பார்த்து நமக்கு அதுவே நடைமுறை என்றாகிவிட்டது. உங்கள் கதையில் ஆய்வாளர்தான் அவர் வீட்டுக்கு வர வேண்டும். கூடத்தில் அமர்ந்து, காபியைக் குடித்துக்கொண்டு, அவருடைய கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல நேரிடும். ஜெசிக்காவுக்கு அமெரிக்க எழுத்தாளர்கள் தேடித் தேடி உருவாக்கிய வாய்ப்பு, உங்களுக்குச் சட்டப் புத்தகத்திலேயே கிடக்கிறது. போகிற போக்கில் மற்றொன்று: விசாரணையின்போது காவல் அலுவலரிடம் சாட்சி சொல்வதை அவர் எழுதிக்கொண்டாலும், அதில் சாட்சியின் கையெழுத்தைப் பெறக் கூடாது. கையெழுத்துப் போடச் சொல்லும் காவலரிடம் உங்கள் தலைமையாசிரியை அதை எடுத்துச் சொல்லட்டும்.

மூன்றாவது கதவு, கொலையாளியின் ஒப்புதலைப் பற்றியது. அதைக் கடைசிக் கேள்விக்கு ஒதுக்குகிறேன். வேறொரு வாசகி அதையே வேறு வழியில் கேட்டிருக்கிறார்.

இவரைத் தனியார் துப்பறியும் முகவராக ஆக்கிவிடலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007 இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது, அது சட்டமாகவில்லை. பலகை மாட்டிக்கொள்வதால் அவருக்கு எந்த அதிகாரமும் கூடிவிடாது; கட்டணம் வாங்கத் தொடங்கியதும் அவர் கேள்வி கேட்பதற்கான காரணம் மட்டும் தேய்ந்துவிடும்.

அடுத்து, மாறுவேட விருந்து. அதை அப்படியே ஈஞ்சம்பாக்கத்துப் பண்ணை வீட்டு விருந்தாக மாற்றியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பணக்காரப் படக் காட்சியாக நிற்குமே தவிர, கதையின் முடிச்சாகாது. அந்த அத்தியாயத்தில் வேடம் இரண்டு வேலை செய்கிறது. தொடர்பில்லாதவர்களை ஓரிடத்தில் கூட்டுகிறது. ஒருவரை இன்னொருவராக எண்ண வைக்கிறது. இவ்விரண்டும் நம் நாட்காட்டியிலேயே இருக்கின்றன. நவராத்திரியின் ஒன்பது மாலைகளில், கொலு வைத்திருக்கும் எந்த வீட்டுக்குள்ளும் ஒரு மூத்த பெண்மணி குங்குமச் சிமிழுடன் நுழைந்து அழைக்கலாம், அழைக்கப்படலாம், உள்ளறைவரை சென்று பொம்மைகளைப் பார்க்கலாம். எந்த ஆய்வாளருக்கும் கிடைக்காத சோதனை ஆணை அது. கார்த்திகை பிறந்ததும் மாலையிட்டுக்கொள்ளும் ஐயப்ப பக்தர்கள் கறுப்பு வேட்டியும் வளர்ந்த தாடியும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒருவர்போல் ஒருவர் ஆகிவிடுகிறார்கள். பெயரே சொல்லாமல் எல்லோரையும் 'சாமி' என்றே அழைக்கிறோம். விடியற்காலை இருளில் குளத்துப் படியில் கறுப்பு வேட்டியுடன் ஓர் உடல் குப்புறக் கிடந்தால், அது இன்னார்தான் என்று பத்துப் பேர் உறுதியாகச் சொல்வார்கள். பத்துப் பேரும் தவறாகச் சொல்லக்கூடும். பக்தியை இழிவுபடுத்தாமல் இதை எழுத வேண்டிய பொறுப்பு உங்களுடையது. கொன்றவன் மாலையிட்டவன் என்று காட்ட வேண்டிய தேவையே கதைக்கு இல்லை.

இடத்தையும் அதன் நடைமுறையையும் கொஞ்சம் படியுங்கள். மயிலாப்பூர்ப் பகுதியில் மரணம் என்றால் உடல் இராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குத்தான் போகும் என்பதும், மாநிலத் தடய அறிவியல் துறை அந்த மயிலாப்பூரிலேயே காமராஜர் சாலையில் இருக்கிறது என்பதும் தெரிந்தால், காலையில் கடற்கரையில் நடக்கும் உங்கள் நாயகி யாரைத் தற்செயலாகச் சந்திக்க முடியும் என்பதும் தெரிந்துவிடும். கண்காணிப்புக் கேமராவைக் கண்டு பயப்படாதீர்கள். கேமரா ஒருவர் எப்போது தெருவைக் கடந்தார் என்று சொல்லும். நாள்தோறும் கிழக்கு வாசல் வழியாகப் போகிறவர் அன்று ஏன் மேற்கு வாசலைத் தேர்ந்தார் என்பதை இஸ்திரி வண்டிக்காரரும் பூக்காரம்மாவும்தான் சொல்ல முடியும். அவர்களிடம் கேட்கும் உரிமை உங்கள் நாயகிக்கு முப்பதாண்டுப் பழக்கத்தால் வந்தது.

கேள்வி: இவ்வளவும் சரி. அறுபது வயதுப் பெண்ணை மாமியாராகவோ பாட்டியாகவோ அல்லாமல் கதைத்தலைவியாக வைக்க நம் தொலைக்காட்சி ஒப்புக்கொள்ளுமா? (வாசகி, வளசரவாக்கம்)

அங்கேயும் எளிதாக ஒப்புக்கொண்டுவிடவில்லை. அந்தப் பாத்திரத்துக்கு முதலில் எண்ணப்பட்டவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும்புகழ் பெற்றிருந்த ஜீன் ஸ்டேபிள்டன். அவர் மறுத்த பிறகே லான்ஸ்பரியிடம் வந்தது. லான்ஸ்பரியின் அதற்கு முந்தைய திரைவாழ்வைப் பார்த்தால் நம் நடிகைகளின் கதையைப் படிப்பதுபோல் இருக்கும். பதின்ம வயதிலேயே நடித்த முதல் படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர், முப்பதுகளிலேயே அம்மா வேடங்களுக்குத் தள்ளப்பட்டார். 1962 இல் வந்த ஒரு படத்தில் லாரன்ஸ் ஹார்விக்குத் தாயாக நடித்தபோது, 'மகனை' விட அவர் மூன்று வயதுதான் மூத்தவர். திரை கொடுக்காத தலைமைப் பாத்திரங்களை பிராட்வே மேடை கொடுத்தது. பிறகு ஐம்பத்தெட்டாம் வயதில் தொலைக்காட்சி கொடுத்தது. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, குடும்பம் முழுவதும் கூடியிருக்கும் நேரத்தில், பதினொரு ஆண்டுகள் அந்தத் தொடர் நின்றது. பிறகு அதை வியாழக்கிழமைக்கு மாற்றியபோதுதான் சரிந்தது. பன்னிரண்டு பருவத்துக்கும் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறையும் அவருக்கு அது கிடைக்கவில்லை என்பது விருதுக் குழுக்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததையே உறுதிப்படுத்துகிறது.

நம் நிலையங்களைப் பொறுத்தவரை, மாலைத் தொடர்களைப் பார்க்கிறவர்களில் அறுபது வயதைக் கடந்த பெண்கள் எத்தனை பேர் என்பது அவர்களுக்குத் தெரியாதது அல்ல. அந்தப் பெண்கள் தங்களையே தலைவியாகப் பார்க்க விரும்பமாட்டார்கள் என்ற முடிவு, கேட்டுப் பெற்றதாக எனக்குத் தோன்றவில்லை. துப்பறிவாளர் என்றதும் நமக்கு சங்கர்லாலும் கணேஷ் – வசந்த்தும் நினைவுக்கு வருவது வாசிப்புப் பழக்கத்தால், பழக்கம் மாறக்கூடியது.

கேள்வி: கடைசியில் அந்த அம்மாள் தனியாகப் போய்க் கொலையாளியையே நேருக்கு நேர் கேட்பது பொருத்தமாக இருக்கிறதா? எந்த அறிவுள்ள பெண்ணும் காவல் துறையிடம் சொல்லிவிட்டுத்தானே போவாள்? (வாசகி, நங்கநல்லூர்)

வழக்கமான தொடர்களில் இந்தக் காட்சி எனக்கும் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் இங்கே இரண்டு காரணங்களால் அது நிற்கிறது என்று கருதுகிறேன்.

ஒன்று, நான் மேலே ஒத்திவைத்த சட்டக் காரணம்; இது நம் நாட்டுக்கு உரியது, கோடம்பாக்கம் நண்பரும் குறித்துக்கொள்ளலாம். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு தொடங்கி இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23 ஆம் பிரிவுவரை, காவல் அலுவலரிடம் ஒருவர் கொடுக்கும் குற்ற ஒப்புதல் அவருக்கு எதிராகச் செல்லாது. காவலில் இருக்கும்போது, நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையில் அல்லாமல், வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும் செல்லாது. ஆனால் கைதாகுமுன், அச்சுறுத்தலோ ஆசை காட்டலோ இல்லாமல், சாதாரணக் குடிமகள் ஒருத்தியிடம் தானாகச் சொன்னால் அதைச் சாட்சியமாகக் கொள்ள இடமுண்டு. அத்தகைய ஒப்புதல் வலுக்குறைந்தது, வேறு சான்றுகளின் துணையோடுதான் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. இருந்தாலும், ஆய்வாளரால் பெற முடியாத ஒன்றை நம் தலைமையாசிரியையால் பெற முடியும். அவர் தனியாக, காவலர்களுக்கு முன்னதாகச் செல்வதற்கு இதைவிட வலுவான காரணத்தை எந்தக் கதாசிரியரும் கற்பிக்க முடியாது. வாசலில் யாரை நிறுத்திவிட்டுப் போவது என்பதை மட்டும் அவர் முன்யோசனையுடன் முடிவு செய்துகொள்ளட்டும்.

இரண்டாவது காரணம் மனத்தைச் சேர்ந்தது. இந்தத் தொடக்க அத்தியாயத்தை நான் பாடம் என்று சொன்னதும் இதற்காகவே. ஜெசிக்காவுக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. நெடுநாள் தனிமைக்குப் பிறகு, தம் எழுத்தை மதித்த, தம்மோடு சரிசமமாகப் பேசிய ஒருவர். அவர் வாயிலிருந்தே கேட்டால் ஒருவேளை வேறு விளக்கம் கிடைக்கலாம் என்ற நப்பாசையும் அந்தப் போக்கில் இருக்கிறது. காவல் துறையிடம் முதலில் சொல்லிவிட்டால் அந்த நப்பாசைக்கு இடமில்லை. அறிவுள்ள பெண் இப்படிச் செய்வாளா என்று கேட்கிறீர்கள். விடை தெரிந்த பின்பும் அது தவறாக இருக்கட்டும் என்று விரும்புவது அறிவுக் குறைவு அல்ல. லான்ஸ்பரி அந்தக் காட்சியில் குற்றம்சாட்டும் குரலை எடுப்பதே இல்லை. பதிப்பாளராக நடித்த ஆர்தர் ஹில்லும் வில்லனாக மாறிக் கொக்கரிப்பதில்லை. தம் மறைந்த கடந்தகாலம் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்தில் கொலை செய்த ஒரு நாகரிகமான மனிதர், அதை இந்தப் பெண்ணிடம் மட்டும் மறைக்க முடியாமல் சொல்லிவிடுகிறார். பிற்கால அத்தியாயங்களில் கொலையாளிகள் பெரும்பாலும் யாரோ ஒருவர். பிடிபட்டதும் ஜெசிக்காவின் சிரிப்போடு திரை உறையும். முதல் அத்தியாயத்தில் அந்தச் சிரிப்புக்கு வழியில்லாமல் போனதால்தான், வெற்றி பெற்ற துப்பறிவாளர் எதையோ இழந்தவராக நமக்குத் தெரிகிறார். பல ஆண்டுகள் கழித்துத் தொடரின் எழுத்தாளர்கள் பிரெஸ்டன் ஜைல்ஸ் பாத்திரத்தை மறுபடியும் அழைத்து வந்தார்கள். அதே ஆர்தர் ஹில்லே வந்து நடித்தார்.

எனவே, தனியாகப் போகும் காட்சியை வைக்கலாம். ஆனால் கொலையாளி யாரோ ஒருவராக இருந்தால் வேண்டாம். அங்கே நீங்கள் சொல்வதுபோல் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அம்மாள் வீட்டிலேயே இருந்துவிடலாம்.